உயர்த்திய ஜீப் உதறினால் எங்கே பார்ப்பது?

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாதவர்களுக்காக வெளியிடப்படுகிறது.)



போன கூட்டத்தில் லிஃப்ட் பராமரிப்பு பற்றிப் பேசினோம். இந்தத் தடவையும் லிஃப்ட்தான், ஆனால் இது வண்டிக்குச் செய்கிற லிஃப்ட். பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காகவே இருந்து ஓய்வு பெற்றவனுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். என்னிடம் ஒரு பழைய மஹிந்திரா ஜீப் 22 வருஷமாக இருக்கிறது. அதை ஓட்டிய நேரத்தைவிட அதன் அடியில் படுத்துக் கிடந்த நேரம் அதிகம் என்று வீட்டில் சொல்வார்கள். அந்தத் தகுதி ஒன்றுதான்.

வருமுன் பார்க்கிங்கில் ஒரு சுற்றுச் சுற்றி எண்ணிப் பார்த்தேன். கம்பெனி கொடுத்த உயரத்தில் இல்லாத வண்டிகள் நான்கு இருக்கின்றன: இரண்டு தார், ஒரு ஜிம்னி, ஒரு பழைய ஜிப்சி. பார்க்க நன்றாகத்தான் இருக்கின்றன. மழை பெய்தால் நம் கரிசல் காட்டுப் பாதையில் உயரமான வண்டிக்கு அர்த்தமும் உண்டு. அந்த நான்கில் ஒன்று, போன மாதம் சங்கரன்கோவில் சாலையில் ஒரு சின்னப் பள்ளத்தில் இறங்கி ஏறியதும் ஸ்டியரிங் கைக்குள் நிற்காமல் இரண்டு பக்கமும் படபடவென்று அடித்துக்கொண்டது. வேகம் 70. பின் சீட்டில் ஆச்சியும் இரண்டு குழந்தைகளும். ஓட்டிய தம்பி பதறாமல் ஓரங்கட்டிவிட்டார். சாரல் தொடங்கியதும் அதே வண்டியில் குற்றாலம், அங்கிருந்து செங்கோட்டை வழியாக ஆரியங்காவு மலைப்பாதை என்று வீட்டில் திட்டம் வைத்திருக்கிறார்கள். பெயரைச் சொல்லாமல் இதை இங்கே பேசலாம் என்று அவரே சம்மதித்தார்.

என்னிடம் வருவதற்கு முன்பே அவர் செலவு செய்து முடித்திருந்தார். ஸ்டியரிங் டேம்பர் புதிது. முன் டயர் இரண்டும் புதிது. வீல் அலைன்மென்ட் இரண்டு முறை. டேம்பர் மாட்டியபின் இரண்டு வாரம் வண்டி சமர்த்தாக ஓடியது, பிறகு மறுபடியும் அதே உதறல். அடுத்ததாக இன்னும் கனமான டேம்பர் போடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

இங்கேதான் என் பழைய தொழில் நினைவுக்கு வருகிறது. கம்ப்யூட்டர் வராத காலத்தில் இருப்பாய்வுக் கணக்கு போடுவோம். பற்றும் வரவும் ஒத்துப்போகாவிட்டால் என்ன செய்வது? வித்தியாசத்தை சஸ்பென்ஸ் கணக்கில் போட்டு அன்றைக்குக் கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போகலாம். கணக்கு ஒத்துப்போனதாகத் தெரியும். தப்பு அப்படியே உள்ளே உட்கார்ந்திருக்கும். ஸ்டியரிங் டேம்பர் என்பது வண்டியின் சஸ்பென்ஸ் கணக்கு. சின்ன அதிர்ச்சிகளை வாங்கிக்கொள்ளத்தான் அதை வைத்திருக்கிறார்கள். தேய்ந்துபோன புஷ்ஷையும் தளர்ந்த போல்ட்டையும் மூடி மறைக்கிற வேலைக்கு அதைப் போட்டால், அதுவும் தேய்கிறவரை மறைக்கும். அதற்குள் உள்ளே இருக்கிற தப்பு வளர்ந்துவிடும்.

சரி, உயர்த்துவதால் அப்படி என்ன ஆகிறது? இரண்டு அங்குலம் மேலே போனால் இரண்டு அங்குலம் மட்டும்தானே மாறுகிறது என்று நினைக்கிறோம். சேசிஸ் மேலே போகிறது, சக்கரம் கீழேயே இருக்கிறது, இரண்டையும் இணைக்கிற ஒவ்வொரு ராடும் அதன் பழைய நீளத்திலேயே இருக்கிறது. நீளம் மாறாமல் உயரம் மாறினால் கோணம் மாறியாக வேண்டும். முன்னால் முழு ஆக்ஸிலும் சுருள் ஸ்பிரிங்கும் உள்ள வண்டியில், ஜிம்னி அப்படிப்பட்டது, ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடித்திருப்பது பான்ஹார்ட் ராடு. ஒரு முனை சேசிஸில், மறுமுனை ஆக்ஸிலில். வண்டியைத் தூக்கியதும் இந்த ராடு ஆக்ஸிலையே ஒரு பக்கமாக இழுத்துவிடும். பின்னால் நின்று பார்த்தால் முன் டயர் ஒரு பக்கம் கொஞ்சம் அதிகமாக வெளியே தெரியும். ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்க்கும் சரிவாகிவிடும். இந்த இரண்டு ராடும் ஏறக்குறைய ஒரே சாய்வில் இருக்க வேண்டும் என்பது கம்பெனியின் கணக்கு. இருந்தால் சக்கரம் ஏறி இறங்கும்போது இரண்டும் சேர்ந்தே அசையும். ஒன்றை மட்டும் கீழே இறக்கி மற்றதை அப்படியே விட்டால், ஒவ்வொரு வேகத்தடையிலும் ஸ்டியரிங்கை யாரோ பிடித்துத் திருப்புவது போல இருக்கும்.

இன்னொன்று காஸ்டர் கோணம். சைக்கிளின் முன் ஃபோர்க் கொஞ்சம் சாய்வாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கையை விட்டாலும் சைக்கிள் நேராகப் போவதற்கு அந்தச் சாய்வும் ஒரு காரணம். ஜீப்பின் முன் சக்கரத்துக்கும் அதே சாய்வு உண்டு. வண்டியைத் தூக்கினால் ஆக்ஸில் முன்பக்கமாகச் சுழன்று அந்தச் சாய்வு குறைகிறது. ஜிப்சி போன்ற பட்டை ஸ்பிரிங் வண்டியிலும் இது வரும். ஷாக்கிள் முன்பக்கம் இருக்கிற வண்டியில் நீளமான ஷாக்கிள் போட்டு மலிவாகத் தூக்கினால் சாய்வு போய்விடும். பிறகு வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது. 80-ல் போகும்போது சாலை முழுவதையும் தடவிக்கொண்டு போகும்.

தார் வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 2020-இல் வந்த தாருக்கு முன்னால் முழு ஆக்ஸில் கிடையாது, ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும். அதனால் நான் சொன்ன பான்ஹார்ட் கதை அதன் முன்பக்கத்துக்குப் பொருந்தாது. அங்கே தொல்லை வேறு மாதிரி. ஸ்பிரிங் மேல் ஸ்பேசர் வைத்துத் தூக்கினால் சக்கரம் கீழே இறங்க மீதி இடம் குறைகிறது. வேகத்தடை தாண்டி இறங்கும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். பால் ஜாயிண்டும் டிரைவ் ஷாஃப்ட்டும் சரிவான கோணத்திலேயே வேலை செய்வதால் சீக்கிரம் தேயும், அதன் ரப்பர் உறை கிழியும். உறை கிழிந்து கிரீஸ் வெளியே தெறித்திருந்தால் அடுத்த பயணத்துக்கு முன்னால் பார்த்துவிட வேண்டும்.

சங்கரன்கோவிலில் எனக்கு ஒரு மெக்கானிக் அண்ணாச்சி இருந்தார். வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் பானெட்டைத் திறக்க மாட்டார். “உதறுதா, அலையுதா, இழுக்குதா, தட்டுதா? அத மொதல்ல சொல்லுங்க சார்” என்பார். “ஸ்டியரிங் சரியில்ல” என்று பொதுவாகச் சொன்னால் டீ குடிக்கப் போய்விடுவார். குத்துவலியா குடைச்சலா என்று டாக்டர் கேட்பதில்லையா, அது மாதிரி. எங்கள் பேரேட்டிலும் அப்படி ஒரு வழக்கம் உண்டு. வித்தியாசம் 9-ஆல் மீதியில்லாமல் வகுபட்டால் யாரோ 54-ஐ 45 என்று மாற்றி எழுதியிருக்கலாம் என்று முதலில் அதைத் தேடுவோம். வித்தியாசத்தின் தன்மையே பாதி வழியைக் காட்டிவிடும்.

இழுக்கிறது என்றால், கையை லேசாக விட்டதும் வண்டி ஒரே பக்கம் போகிறது. முதலில் டயர் காற்றைப் பாருங்கள். பிறகு முன் டயர் இரண்டையும் இடம் வலமாக மாற்றிப் போட்டுப் பாருங்கள், இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் டயரில். சுழலும் திசை குறித்த டயர் என்றால் இதைச் செய்ய வேண்டாம். ஓடி வந்ததும் ஒரு பக்கத்துச் சக்கரம் மட்டும் கொதிக்கிறதென்றால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அலைகிறது என்றால் எந்தப் பக்கமும் குறிப்பாகப் போகாமல் இரண்டு பக்கமும் திருத்திக்கொண்டே ஓட்ட வேண்டியிருக்கிறது. அதற்குக் காஸ்டர், முன் சக்கரங்களின் டோ அளவு, ஸ்டியரிங் பாக்ஸின் ஆட்டம், இந்த மூன்றையும் பார்க்க வேண்டும். டோவை வீட்டிலேயே அளக்கலாம். முன் டயர் இரண்டின் நடுவிலும், அச்சு உயரத்தில், முன்பக்கமாகச் சாக்பீஸ் கோடு போட்டு இடைவெளியை டேப்பால் அளக்க வேண்டும். வண்டியை அரைச் சுற்று உருட்டி அதே கோடுகள் பின்பக்கம் வந்ததும் மறுபடி அளக்க வேண்டும். முன் அளவு பின் அளவைவிட ஓரிரு மில்லிமீட்டர் குறைவாக இருப்பது ஜீப்புகளில் வழக்கம். சரியான அளவு உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும்.

அதிர்வு கையில் வராமல் இருக்கைக்குக் கீழே வந்தால் ஸ்டியரிங்கைத் தொடவே வேண்டாம். தூக்கியதால் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கோணம் மாறியிருக்கும், அல்லது அதன் கிராஸ் தேய்ந்திருக்கும்.

உதறல்தான் பெரிய விஷயம். அதிலும் இரண்டு வகை உண்டு. 60-க்கு மேல் லேசாகத் தொடங்கி வேகத்தோடு வந்து வேகத்தோடு போவது சக்கரத்தின் எடைச் சமநிலைக் குறை. நம் ஊரில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. மழைக்குப் பிறகு கரிசல் காட்டில் போய்வந்தால் ரிம்மின் உட்புறம் மண் அப்பிக் காய்ந்து செங்கல் மாதிரி ஆகிவிடும். வெளியே எவ்வளவு கழுவினாலும் அது தெரியாது. டயர் கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு குச்சியால் அதைச் சுரண்டிப் பாருங்கள்.

இரண்டாவது வகை, அந்தத் தம்பிக்கு வந்தது. ஒரு பள்ளம் தட்டியதும் திடீரென்று தொடங்கி, வேகம் குறையும்வரை தானாக நிற்காது. பெரிய கடைகளில் தள்ளுவண்டியின் முன் சக்கரம் ஒன்று கடகடவென்று தனக்குள் ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதேதான், ஆனால் இங்கே இரண்டு சக்கரமும் முழு ஆக்ஸிலும் சேர்ந்து ஆடுகின்றன. இதற்கு ஷிம்மி என்று பெயர், ஒரு நடனத்தின் பெயரை வைத்துவிட்டார்கள். காற்றழுத்தம் குறைந்த பருமனான டயர்கள் வந்த 1920-களிலேயே இது கார்களைப் படாதபாடு படுத்தியது. 1934-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் கார்களில் முன் ஆக்ஸிலை விட்டுத் தனித்தனிச் சக்கர அமைப்புக்கு மாறியதற்கு இந்த உதறலும் ஒரு காரணம். ஜீப்புகள் மட்டும் கரடுமுரடுப் பாதைக்காக முழு ஆக்ஸிலை வைத்துக்கொண்டன. கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்புகளைப் பாருங்கள். எலும்பு கழன்றுவிடுகிற பாதை, ஆனால் வேகம் நடைவேகத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அந்த வேகத்தில் இந்த உதறல் வர வழியில்லை. நாம் காட்டுக்காக உயர்த்திய வண்டியை நெடுஞ்சாலையில் 80-ல் ஓட்டுகிறோம்.

ஓடும்போது வந்துவிட்டால் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் உறுதியாகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, மெதுவாகப் பிரேக் தொட்டு ஓரங்கட்டுங்கள். பிரேக்கை மிதித்துவிடக் கூடாது. எடை முழுவதும் முன்னால் விழுந்து ஆட்டம் கூடும்.

இந்த உதறலுக்குத் தூண்டுகோல் ஒன்று, இடங்கொடுப்பது ஒன்று. பள்ளமும் எடைக்குறையும் தூண்டுகோல். எங்கோ ஒரு மூட்டில் இருக்கிற ஆட்டம்தான் இடங்கொடுப்பது. புது டயர் போட்டுப் பேலன்ஸ் செய்தால் தூண்டுகோல் போகும், கொஞ்ச நாள் நிம்மதியாக இருக்கும். ஒன்றையொன்று ஈடுசெய்யும் பிழைகள் என்று கணக்கியலில் படித்தோமே, இருப்பாய்வு ஒத்துப்போனாலும் தப்பு உள்ளே இருக்கும்.

ஆட்டத்தைக் கண்டுபிடிக்க இரண்டு பேர் போதும். வண்டி நான்கு சக்கரத்திலும் தரையில் நிற்க வேண்டும், ஜாக்கியில் அல்ல. கியர் நியூட்ரலில், கைப்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, என்ஜினை ஓடவிட்டு, ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் கால் சுற்று அளவுக்கு ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொருவர் முன்னால் தரையில் குனிந்து ஒவ்வொரு மூட்டாகப் பார்க்க வேண்டும். பெல்ட், ஃபேன் பக்கம் கை போகக்கூடாது, வேட்டியோ துண்டோ தொங்கக்கூடாது. ஸ்டியரிங் பாக்ஸ் சேசிஸில் அசைகிறதா, டிராக் லிங்க் முனை, டை ராடு முனை, பான்ஹார்டின் இரண்டு முனை என்று வரிசையாகப் போங்கள். ஒரு துண்டு அசைந்த பிறகு அடுத்த துண்டு தாமதமாக அசைகிற இடம் எதுவோ அங்கேதான் வித்தியாசம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாவிட்டால் இரண்டு துண்டும் சேருகிற இடத்தில் விரலை வைத்துப் பாருங்கள், விரலுக்குத் தெரியும்.

அதன் பிறகு என்ஜினை நிறுத்தி, ஜாக்கியால் தூக்கி, கட்டாயம் ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவர் பிரேக்கை மிதிக்கட்டும். மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங்பின் அல்லது பால் ஜாயிண்ட். பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் டை ராடு முனை.

அந்தத் தம்பியின் வண்டியில் பத்து நிமிஷத்தில் அகப்பட்டது. பான்ஹார்டின் சேசிஸ் பக்கத்து போல்ட், ஸ்டியரிங்கை ஆட்டும்போதெல்லாம் அதன் துளைக்குள் நகர்ந்துகொண்டிருந்தது. கழற்றினால் புஷ் ரப்பர் கிழிந்திருக்கிறது, துளை முட்டை வடிவமாகியிருக்கிறது. உயர்த்தியபோது சக்கரம் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கையிலேயே போல்ட்டை முறுக்கிவிட்டால் இப்படி ஆகும். வண்டியைக் கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொள்கிறது, அந்த முறுக்கிலேயே ஓடிக் கிழிகிறது. புஷ் போல்ட்டுகளை முழு எடையும் சக்கரத்தில் நிற்கும்போதுதான் கடைசியாக முறுக்க வேண்டும். உயர்த்திய வண்டி வைத்திருப்பவர்கள் அத்தனை பேரும் உங்கள் மெக்கானிக்கிடம் இந்த ஒன்றைக் கேளுங்கள்.

புது புஷ், துளைக்கு லேத் பட்டறையில் வெல்டிங், ஆக்ஸிலை நடுவுக்குக் கொண்டுவர நீளம் மாற்றக்கூடிய பான்ஹார்ட் ராடு. எல்லாம் சேர்த்தும் முன்பு வாங்கிய இரண்டு டயரின் விலையைத் தொடவில்லை. உதறல் போய்விட்டது. காஸ்டர் இன்னும் குறைவாகத்தான் இருக்கிறது, அதற்கான புஷ் வர வேண்டும். அதைப் போட்டு, கடைசியில் அலைன்மென்ட் செய்த பிறகுதான் குற்றாலம் என்று ஆச்சியிடம் சொல்லியிருக்கிறார். அலைன்மென்ட் எப்போதும் கடைசியில்தான். ஆட்டம் இருக்கிற வண்டிக்கு அலைன்மென்ட் செய்வது, சரக்கை எண்ணாமல் இருப்புநிலைக் குறிப்பு எழுதுவது மாதிரி.

உயர்த்தியபின் ஸ்டியரிங் கோணலாக நின்றால், சக்கரத்தைக் கழற்றி நேராக மாட்டித் தருகிறேன் என்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். டிராக் லிங்க்கில் நீளம் திருத்தும் வசதி இருந்தால் அங்கே திருத்த வேண்டும். ஈ.எஸ்.பி. உள்ள வண்டியில் ஸ்டியரிங் கோணத்தை ஒரு சென்சார் பார்த்துக்கொண்டிருக்கிறது. நேராகப் போகும்போது திரும்புவதாக அது நினைத்தால் தேவையில்லாத நேரத்தில் பிரேக் போட்டுவிடும்.

டயர் பெரிதானால் ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டும். 28 அங்குல டயருக்குப் பதில் 31 அங்குலம் போட்டால், முள் 60-ல் நிற்கும்போது உண்மையில் 66-க்கு மேல் போகிறீர்கள். பிரேக் ஹோஸ் சக்கரம் முழுவதும் கீழே தொங்கும்போது விறைத்து நிற்கிறதா என்றும் பாருங்கள். ஹெட்லைட்டையும் தாழ்த்துங்கள், எதிரே வருகிறவர் கண் பாவம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விற்கிறவர்கள் சொல்வதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததற்கு மாறாகப் போகும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று இருக்கிறது. சில டயர் அளவுகளைத் தயாரிப்பாளரே அனுமதிக்கிறார், கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் பட்டியலைப் பாருங்கள். வங்கிக் கடன் பாக்கி உள்ள வண்டி என்றால் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள், அடமானத்தில் இருக்கிற பொருளை மாற்றுவதற்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்து மூலம் தெரிவிக்காத மாற்றம், விபத்து நடந்த அன்றைக்குத்தான் சர்வேயர் கண்ணில் படும். பழைய உயரத்துக்கே இறக்கிவிடலாமா என்று ஒரு தார்க்காரர் கேட்டார். தாராளமாக இறக்கலாம். நான் என் ஜீப்பை உயர்த்தியதே இல்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்கு நான்கு வண்டிகளையும் பார்க்கிங்கில் வரிசையாக நிறுத்தச் செயலாளர் இடம் ஒதுக்கியிருக்கிறார். சாக்பீஸ், டேப், டார்ச் நான் கொண்டுவருகிறேன். ஜாக்கியும் ஸ்டாண்டும் நீங்கள் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு வண்டிக்கும் ஸ்டியரிங் ஆட்ட ஒரு ஆள் வேண்டும், வீட்டில் யார் முதலில் எழுந்திருக்கிறார்களோ அவர்களை அழைத்து வாருங்கள். வண்டியைக் கழுவாமல் கொண்டுவந்தால் இன்னும் நல்லது, ரிம்முக்குள் எவ்வளவு கரிசல் இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.